நேரில் சென்று விசாரிக்கப்பட்டது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். அம்மாவின் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. மிச்சமிருக்கும் வலது கண்ணாலேயே தெருவில் போகிற அத்தனை பேரையும் அடையாளம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் அத்தானுக்குப் பணிமனையில் வேலை கூடிவிட்டது, முதுகுவலியும் கூடிவிட்டது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மனைவிக்கு வாந்தி நின்றதா?

போன மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் கழிவுநீர்க் குழாய் உடைந்து நான்கு சந்துக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. முழங்கால் அளவு. எண்பத்தேழு வீட்டுக்காரர்களும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாளியும் கையுமாக இறைத்தோம். மூன்றாம் நாள் நகரசபை உறுப்பினர் வந்தார். அதே மரக்கடைக்காரர்தான். "எப்படியும் இந்த இடம் லாரி நிறுத்துற இடமா மாறப்போகுது. இதுக்குப் போய்ப் புதுக் குழாய் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நாங்கள் எங்கே போவது என்று யாரோ கேட்டதற்கு, "அதெல்லாம் பார்க்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே கூட்டம் போட்டோம். ஜூன் மாதத் தேர்தலில் அவருக்கு எதிராக நம் சந்திலிருந்து ஒருவர் நிற்பது என்று முடிவானது. யார் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பொத்தான்காரிதான் எழுந்தாள். சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைப்பாளே, அவள். "ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சண்டை போட்டுக் கையுறை வாங்கினது யாரு? இவதானே? இவளே நிக்கட்டும்" என்று என்னைக் கை காட்டிவிட்டாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். நீ தேர்தல் அலுவலகத்திலேயே இருக்கிறாய். மனுப் போடுவது எப்படி என்று விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா உன்னைக் கேட்டாள்.

அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அவளுக்கு இது நான்காம் மாதம், வாந்தி குறைந்து பசி வந்திருக்கிறது. அம்மாவின் கண்ணைத் தள்ளிப்போடாதே.

ஒரு நல்ல செய்தி. எனக்கு அரசுக் குடியிருப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாவது மாடி, இரண்டு அறை, சமையலறையில் ஜன்னல். என்னைவிட மூப்பு உள்ளவர்கள் காத்திருக்கையில் எனக்குக் கிடைத்தது.

வேட்புமனுவுக்கு உன் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், இருவர் முன்மொழிய வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அக்கா, யோசித்துச் செய். ஆஸ்பத்திரி வேலை இருக்கிறது, அம்மா இருக்கிறாள். மரக்கடைக்காரர் மூன்று முறை ஜெயித்தவர். அரசியல் நமக்குச் சரிப்பட்டு வருமா? வேறு யாராவது நிற்கட்டுமே.

அத்தானின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், கொடுத்த எனக்குத்தான் கை வலி. குடியிருப்பு கிடைத்ததைச் சொன்னதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அரசியல் நமக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறாய். கையுறை கேட்டபோது சலவைக்கூடத்தில் நாங்கள் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டோம். ஊசியும் இரத்தமும் கலந்த துணியை வெறும் கையால் அள்ளிக்கொண்டிருந்தவர்கள். முதல் வாரம் ஒருத்தியும் போடவில்லை, பயம். நானே வீடு வீடாகப் போனேன். பத்தொன்பதாவது கையெழுத்து விழுந்த மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் நாற்காலி இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அதுதான் அரசியல் என்றால் எனக்கு அது சரிப்பட்டுத்தான் வருகிறது.

தினமும் வேலை முடிந்து நானும் பொத்தான்காரியும் பத்து வீடு போகிறோம். மாத முடிவில் வரைவுப் பட்டியல் வருமாம். நம் நான்கு சந்திலும் சேர்த்து இருநூற்றுப் பதினேழு ஓட்டு. போன தடவை மரக்கடைக்காரர் ஜெயித்தது அறுபது ஓட்டில். கணக்கு உனக்கே தெரியும்.

அவளை மாடிப்படி பார்த்து ஏறச் சொல்.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்து நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டியல் வந்துவிட்டது. நகரசபைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நம் நான்கு சந்திலும் சேர்த்து இருநூற்றுப் பதினான்கு பேருடைய பெயர் இல்லை. "கதவு எண் இல்லை, வசிப்பவர் எவரும் இல்லை, நீக்கம்" என்று தனித் தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

பொத்தான்காரி சுவர் முன்னால் நின்று சத்தம் போட்டாள். "நான் இல்லையாம்! அப்போ காலையில குழாயடியில இவகூடச் சண்டை போட்டது யாரு, என் ஆவியா?" எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாடு என்றால் மலை, ஆறு, எல்லை என்று படித்தோமே, எனக்கு அன்றைக்கு அந்தச் சுவரில் ஒட்டிய தாள்தான் நாடாகத் தெரிந்தது. அதில் பெயர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

இன்னொன்று. நான்கு சந்துக்கும் சேர்த்து மூன்றே மூன்று பெயர் மட்டும் இருக்கிறது. அம்மா, அத்தான், நான்.

நம் வீட்டுக்கும் கதவு எண் கிடையாது. இது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அங்கே கேட்டு உடனே எழுது.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீடு மாறியதில் அலைச்சல். புது வீட்டில் காற்று நன்றாக வருகிறது. அவளுக்கு ஆறாம் மாதம் தொடங்கிவிட்டது. தினமும் ஒரு புளிப்பு கேட்கிறாள். எனக்குத்தான் சரியாகத் தூக்கம் இல்லை. இடம் புதிது என்பதால் இருக்கும்.

பட்டியல் விஷயம். பெயர் விட்டுப்போனவர்கள் தனித்தனியே சேர்ப்பு விண்ணப்பம் போடலாம். பரிசீலிக்க நாளாகும், தேர்தலுக்குள் முடியுமா என்று சொல்ல முடியாது. இப்படி எல்லா ஊரிலும் நடப்பதுதான். உங்கள் மூவர் பெயரும் இருக்கிறதல்லவா, அதனால் உனக்குக் கவலை வேண்டாம்.

அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயா?

தம்பி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். உனக்கு ஏன் தூக்கமில்லை? இரவில் டீ குடிப்பதை நிறுத்து.

எனக்குக் கவலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. உன் வீட்டுப் பெயர் மட்டும் எப்படித் தப்பித்தது என்று நேராகக் கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காமல் வாளியை நகர்த்திக்கொண்டு போகிறார்கள். பொத்தான்காரி மட்டும் கேட்டாள். "மரக்கடைக்காரர்கிட்ட ஏதாவது பேசிக்கிட்டியா?" என்றாள். "இல்லை" என்றேன். "அப்போ உன் தம்பியா?" என்றாள். "தெரியாது" என்றேன். அன்றிலிருந்து வீடு வீடாகப் போவதும் நின்றுவிட்டது. வேட்பாளர் நான் மட்டும், ஓட்டுப் போட என் வீட்டார் மட்டும். நல்ல தேர்தல்.

ஆஸ்பத்திரிக்கு வரும் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். வீட்டுக்கு வந்து விசாரிக்காமல் யார் பெயரையும் நீக்கக் கூடாதாம். நீக்க உத்தரவில் "டிசம்பர் 14 அன்று நேரில் சென்று விசாரிக்கப்பட்டது" என்று இருக்கிறதாம். டிசம்பர் பதினான்கு! நாங்கள் எண்பத்தேழு வீடும் வாசலில் நின்று தண்ணீர் இறைத்த நாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்கிற அதிகாரியை நீ பார்த்திருக்கிறாயா?

விசாரணை அறிக்கையின் நகலுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். நீயும் அங்கே அதைப் பார்க்க முடிந்தால் என்ன இருக்கிறது என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் என்னைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுட்டியா?" என்றாள். உன் மனைவிக்கு எப்படி இருக்கிறது? என் கடைசிக் கடிதம் கிடைத்ததா?

மூன்று நாள் முன்பு நகல் வந்தது. ஒரே பக்கம். "கதவு எண் இல்லாத வீடுகள். நேரில் சென்று விசாரிக்கப்பட்டது. எவரும் வசிக்கவில்லை." கீழே நம் மூவர் பெயரும் மட்டும் தனியே எழுதி, "வசிப்பது உறுதி" என்று இருக்கிறது. அடியில் தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் மேலே ஏறி ஒரு கொக்கியில் முடிகிறது.

"இது யாருன்னு கிறுக்கலா இருக்கே, தெரியலையே" என்றார் வக்கீலம்மா. எனக்கும் தெரியவில்லை என்றேன்.

மே ஐந்தாம் தேதி விசாரணை. இதற்கிடையில் நான் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கதவு எண் இல்லை, ஆகவே மற்றவர்களைப் போலவே எங்கள் மூன்று பெயரையும் நீக்க வேண்டும் என்று. அம்மாவும் கைநாட்டு வைத்தாள். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

உன்னை எதுவும் செய்யச் சொல்லி நான் எழுதவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்குக் கண் தெரிந்தது என்று படித்ததும் அழுதுவிட்டேன். அவள் நலம், குழந்தை அசைகிறது என்கிறாள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

அது என் கையெழுத்துதான்.

ஜனவரி மூன்றாம் வாரம் அந்தத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. விசாரணை அறிக்கை வெறும் தாளாக இருந்தது. மேலதிகாரியிடம் எடுத்துப் போனேன்.

"கதவு எண் இல்லை, விசாரிச்சோம், யாரும் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார்.

"யாராவது போய்ப் பார்த்தாங்களா சார்?"

"பார்த்தாங்கன்னுதானே எழுதச் சொல்றேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "குடியிருப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தியே, என்ன ஆச்சு?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எந்த இடம் என்று தெரியாமல் செய்தேன் என்று எழுத நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். தெரியும். பட்டியலில் முதல் பக்கத்திலேயே பொத்தான்காரி பெயர் இருந்தது. சின்ன வயதில் என் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்தவள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்தது. நம் மூவர் பெயரை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். நியாயம் செய்துவிட்டதாகக்கூட அப்போது தோன்றியது. நீ எப்படியும் தோற்பாய், தோற்றால் பழையபடி வேலைக்குப் போவாய் என்று நினைத்தேன். ஒன்பது நாளில் வீட்டுச் சாவி கைக்கு வந்தது.

தேதி என்ன போடுவது என்று கேட்டதற்கு, "டிசம்பர்ல ஏதாவது போடு" என்றார். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. பதினான்கு என்று போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

இத்துடன் என் வாக்குமூலம் இருக்கிறது. உறுதிமொழி அதிகாரி முன் கையெழுத்திட்டது. யாரும் நேரில் வரவில்லை, எழுதியது நான், மூன்று பெயரை விட்டுவைத்ததும் நான். வக்கீலம்மாவிடம் கொடு. கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டு எழுதாதே. கேட்டால் நான் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன்.

தம்பி

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அவளிடம் சொல்லிவிட்டாயா? இந்த நேரத்தில் அவள் மனது நோகாமல் பார்த்துக்கொள்.

விசாரணைக்கு முந்தைய நாள் சந்துக்காரர்களைக் கூட்டி உன் வாக்குமூலத்தை வாசித்தேன். பொத்தான்காரி மடியிலிருந்த சட்டையைத் தரையில் போட்டாள்.

"அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னியே?"

"அன்னிக்குத் தெரியாது. நகல் வந்த அன்னிக்குத் தெரிஞ்சுது. இந்தக் கடிதம் வர்ற வரைக்கும் சொல்லலை" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலை பஸ்ஸுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

விசாரணை அதிகாரி என் விண்ணப்பத்தைத்தான் முதலில் எடுத்தார்.

"ஏம்மா, இருக்கிற பேரை எதுக்கு எடுக்கச் சொல்றீங்க?"

"எங்க வீட்டுக்கும் எண் இல்லைங்க. இடது பக்கத்து வீட்ல ஆளில்லைன்னு எழுதியிருக்கீங்க, வலது பக்கத்து வீட்லயும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நடுவுல நாங்க மட்டும் எப்படி இருப்போம்?"

"வந்து விசாரிச்சப்போ நீங்க வீட்ல இருந்திருப்பீங்க."

"அன்னிக்கு எங்க வீட்ல முழங்கால் தண்ணி. வந்தவர் செருப்பைக் கால்ல போட்டிருந்தாரா, கையில பிடிச்சிருந்தாரா? அறிக்கையில அது இருக்கா?"

பின்னால் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வக்கீலம்மா உன் வாக்குமூலத்தை நீட்டினார். அதிகாரி இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

இருநூற்றுப் பதினான்கு பெயரும் திரும்பிவிட்டன. நீக்கியது செல்லாது என்று சொல்லிவிட்டார். நம் மூன்று பெயரும்தான் சிக்கல். அவற்றை விட்டுவைத்ததும் முறைகேடுதானாம், அதனால் புதிதாக விசாரித்துச் சேர்க்க வேண்டும், அதற்கு முப்பது நாளாகும் என்றார். வேட்புமனுவுக்கு மே பன்னிரண்டு கடைசி.

ஆகவே நான் நிற்க முடியாது. திரும்பும் பஸ்ஸில் இதையே பேசிக்கொண்டு வந்தோம். பாதி வழியில், "நீதான் நிக்கணும்" என்று பொத்தான்காரியிடம் சொன்னேன். "எனக்குப் பேச வராது" என்றாள். மொத்த பஸ்ஸும் சிரித்தது. நாளை மனுப் போடுகிறாள்.

நடந்ததை ஒளிக்காமல் எழுது. உன்னை என்ன செய்தார்கள்?

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். மேலதிகாரி, தான் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதற்கு என்னிடம் காகிதம் இல்லை. குடியிருப்பை இந்த மாத முடிவில் காலி செய்ய வேண்டும்.

அவளிடம் எல்லாம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள், "குழந்தைக்கு அந்த வீட்டைக் காட்டி என்ன சொல்லியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கோபத்தில் இல்லை, எப்படியும் போக வேண்டிய நேரம்தான். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நிற்க முடியாமல் போனது என்னால். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறேன்.

அம்மாவுக்குத் தெரியுமா?

தம்பி

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அவள் கடிதம் போடுகிறாளா? பிரசவ நாள் நெருங்குகிறதே, நீ போய்ப் பார்த்தாயா?

பொத்தான்காரி ஜெயித்துவிட்டாள். இருபத்துமூன்று ஓட்டு வித்தியாசம். தேர்தலன்று இங்கே காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. பெயர் திரும்பி வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போட்டார்கள். கால் முறிந்தவரைக்கூட நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். நாங்கள் மூவர் மட்டும் வீட்டில் இருந்தோம். அம்மா வாசலில் உட்கார்ந்து, புதுக் கண்ணால் போகிறவர் வருகிறவர் விரல் மையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். "நமக்காகத்தான் நம்ம பேரை மட்டும் விட்டு வச்சிருக்கான்" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். "எனக்காகன்னு சொல்லாதே. எனக்காகன்னா என்னைக் கேட்டிருப்பான்" என்றாள். படுக்கப் போகும்போது, "அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்றான்?" என்று கேட்டாள்.

நகரசபையின் முதல் கூட்டத்தில் லாரி நிறுத்துமிடத் தீர்மானம் ஒரே ஓட்டில் தள்ளிப்போயிருக்கிறது. ரத்தாகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்கு அளவெடுக்க ஆள் வந்தார்கள். பொத்தான்காரி கூட்டத்துக்குப் போகும்போது நானும் போகிறேன். அவள் பேசுவதை நான் எழுதுகிறேன், நான் எழுதுவதை அவள் பேசுகிறாள்.

குடியிருப்பும் இல்லை, வேலையும் இல்லை, அங்கே தனியாக என்ன செய்கிறாய்? வீட்டுக்கு வா. ஆனால் சும்மா வராதே. பொத்தான்காரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வரட்டும். வந்தா எங்க வீட்டுக் கதவைத் தட்டட்டும். நேர்ல வந்து விசாரிச்சேன்னு எழுதினான்ல, விசாரிக்கட்டும்." மற்றவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். சிலர் கதவைத் திறக்க மாட்டார்கள். மூன்றாம் சந்தின் கடைசி வீட்டுக்காரர் அடித்தாலும் அடிப்பார். எண்பத்தேழு வீட்டையும் நீதான் போய்ப் பார்க்க வேண்டும். நான் கூட வர மாட்டேன்.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அவள் சுகமாக இருக்கிறாள் என்று அவள் தம்பி எழுதியிருந்தான். போன வாரம் போய்ப் பார்த்தேன். பேசினாள். பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் மறுபடியும் போக வேண்டும்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். பெட்டியைப் பணிமனையில் அத்தானிடம் கொடுத்துவிட்டு, முதல் சந்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். திறக்காத வீட்டுக்கு மறுநாள் மறுபடி போவேன்.

அம்மாவிடம் சொல். காத்திருந்து வாசலுக்கு வரவேண்டாம். நம் வீடு நாற்பத்தொன்றாவது. அதன் வரிசையில் வந்து தட்டுகிறேன்.

தம்பி